பாகற்காய் சாப்பிட்ட பேராசிரியர்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் கடைசி வரியில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.4 சதவீதம் என்று எழுதியிருந்தாயே, அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது. சோற்றை அடியோடு விட்டுவிட்டு ரொட்டியும் பிஸ்கெட்டுமாக இருக்கிறாயாம். வேண்டாம் சண்முகம்.

ஷாங்காயில் சாவோ லிப்பிங் என்றொரு நுண்ணுயிரியல் பேராசிரியர். உடல் பருத்துப்போயிருந்தவர், 2006-ல் முழுத்தானியம், பாகற்காய், ஒரு சீனக் கிழங்கு என்று தம் சாப்பாட்டை மாற்றினார். இரண்டு ஆண்டில் 20 கிலோ குறைந்தார். கூடவே தம் குடல் பாக்டீரியாக்களையும் கவனித்துவந்தார். நம் பிள்ளைகள் தட்டோரம் ஒதுக்கும் அதே பாகற்காய்!

ஒருவர் மெலிந்தது ஆதாரமாகாது என்பாய். 2018-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 43 பேர். எல்லோருக்கும் ஒரே மாத்திரை. ஒரு பிரிவுக்கு வழக்கமான உணவு ஆலோசனை. மற்றதற்கு நார்ச்சத்து மிகுந்த உணவு. 12 வாரம் கழித்து, மூன்று மாதச் சர்க்கரை 7-க்குக் கீழே வந்தவர்கள் முதல் பிரிவில் 50 சதவீதம், நார்ச்சத்துப் பிரிவில் 89 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்த இடைவெளியை என்னால் மறக்க முடியவில்லை.

நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. அந்த அமிலங்கள் குடல் செல்களைத் தூண்ட, ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது இன்சுலின் சுரக்கத் துணை நிற்கிறது, பசியையும் தணிக்கிறது. உன் பிஸ்கெட்டில் அந்த பாக்டீரியாக்களுக்கு என்ன இருக்கிறது? பாக்டீரியா மாத்திரை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். தீனி இல்லாத தொழுவத்தில் மாட்டைக் கட்டி என்ன பயன்?

சோறு அளவோடு இருக்கட்டும். கீரை, அவரை, கொள்ளு, பச்சைப்பயறு, வாழைத்தண்டு கூடட்டும். ஒரே நாளில் கூட்டாதே, வயிறு உப்பும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே.

தைக்கு அங்கே வருகிறேன். எங்கள் கொல்லைப் பாகற்கொடி இப்போதுதான் பூத்திருக்கிறது, காயோடு வருவேன். அதற்குள் அடுத்த பரிசோதனை முடிந்திருக்கும், முடிவை எழுது.

அன்புடன்,
ராமலிங்கம்