கரூர் சுப்புவுக்கு, கூடார டிரெய்லர் பற்றி

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குக் கோயமுத்தூரிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, நடவு முடிந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டி வலி, மற்றபடி சௌக்கியம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நான் கட்டிய கூடார டிரெய்லரின், அதாவது ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப்போய் கூடாரமாக விரிக்கிற பெட்டியின், போட்டோவைப் பார்த்துவிட்டு நீயும் ஒன்று கட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். கூடவே அடுப்பு மேடை, ஃபேன், பெரிய தண்ணீர்த் தொட்டி, பின்னால் சைக்கிள் மாட்டக் கம்பி என்று ஒரு பட்டியலும். அந்தப் பட்டியலை முதலில் கிழித்துப் போடு. எடை கூடினால் அச்சைப் பெரிதாக்க வேண்டும், அச்சுக்காகச் சட்டத்தைக் கனமாக்க வேண்டும், கடைசியில் இழுக்க வேறு வண்டி பார்க்க வேண்டும். என்னுடையது சாமான் ஏற்றியும் 300 கிலோதான். அடுப்பைத் தரையில் வைத்துச் சமைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

உருவம் இதுதான். ஆறடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு பெட்டி. மூடிக்கு நீளவாக்கில் ஒரு பக்கம் கீல். மூடியை அப்படியே வெளியே திருப்பிப் போட்டால் அதுவே மறுபாதித் தரை; அடியில் இரண்டு கால் முட்டுக் கொடுத்துக்கொள்ளும். பெட்டிக்கு மேல் பலகை போட்டு, சாமான் எல்லாம் பலகைக்கு அடியில். ஆக, ஆறுக்கு எட்டடி. நாங்கள் நாலு பேரும் நெருக்கமில்லாமல் படுக்கிறோம். கீல் ஓரத்திலிருந்து வளைத்த அலுமினியக் குழாய்கள் விசிறி மாதிரி விரிந்து துணியைத் தூக்கிப் பிடிக்கும். சின்னவளே பிரித்துவிடுகிறாள். ஒரம்பரை வந்து வீடு நிறைந்துவிட்டால் பிள்ளைகளுக்கு இப்போது அதில்தான் படுக்கை.

சட்டத்துக்கு 50க்கு 50 சதுரக் குழாய், 2 மி.மீ. கனம் போதும். மீட்டருக்கு 3 கிலோ வரும். எனக்கு 13 மீட்டர் பிடித்தது. பட்டறையில் "எதுக்கும் இருக்கட்டுமுங்க" என்று 3 மி.மீ. போடச் சொல்வார்கள். அந்த "எதுக்கும்" 18 கிலோ. பெட்டியின் பக்கங்களுக்கு நான் பிளைவுட் அடித்தேன். நீ கரூரில் இருந்துகொண்டு அதைச் செய்யாதே. பஸ் பாடி கட்டுகிற ஊர், அலுமினியத் தகட்டை ரிவெட் அடிக்கத் தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. எட்டுக்கு நாலு தகடு 1 மி.மீ. கனத்தில் 8 கிலோதான். அதே அளவு 12 மி.மீ. பிளைவுட் 20 கிலோவைத் தாண்டும். ஒன்று மட்டும் கவனி: அலுமினியமும் இரும்பும் நேரடியாக உரசி நின்றால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் ரப்பர் பட்டையாவது பெயிண்டாவது இருக்க வேண்டும்.

வீல் பழைய மாருதி 800 உடையது, 12 இஞ்ச். ஸ்பிரிங் பட்டைகளில் சிலவற்றைக் கழற்றிவிடு. சரக்கு வண்டிக்குச் செய்த ஸ்பிரிங்கை இவ்வளவு லேசான பெட்டிக்கு அப்படியே போட்டால் அது அமுங்கவே அமுங்காது. மேடுபள்ளமான இட்டேரித் தடத்தில் பெட்டி துள்ளித் துள்ளி உள்ளே இருப்பதெல்லாம் உடையும்.

இனி முக்கியமானது. முன்பாரம் பின்பாரம் பற்றி உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தியூர் குருநாதசாமி பண்டிகைக்கு எங்கள் அப்பாரு கூண்டு மாட்டு வண்டி பூட்டும்போது, நம்மை முன்னால் தள்ளி உட்கார், பின்னால் தள்ளி உட்கார் என்று விரட்டுவாரே, அதே கணக்குத்தான். அங்கே பின்பாரம் ஆனால் நுகத்தடி தூக்கி மாட்டுக்குக் கழுத்துக் கயிறு இறுகும். இங்கே பின்பாரம் ஆனால் வேகம் எடுத்ததும் டிரெய்லரின் வால் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும், முற்றினால் இழுக்கிற வண்டியையே திருப்பிப் போடும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், இழுக்கிற வண்டியோடு மாட்டும் கொக்கியில் இறங்க வேண்டும். எனக்கு 30 முதல் 45 கிலோ. அதனால் அச்சைப் பெட்டிக்கு நட்டநடுவில் வைக்காதே, கொஞ்சம் பின்னால் தள்ளி வை.

இதை அளக்க லேத்துப் பட்டறைக்குப் போக வேண்டாம். வீட்டில் எடை பார்க்கும் மெஷினைச் செங்கல் அடுக்கின் மேல் வைத்து, பெட்டி மட்டமாக நிற்கும்படி கொக்கியை அதன் மேல் இறக்கினோம். எங்கள் வீட்டுக் கோகிலா 20 லிட்டர் தண்ணீர்க் கேனைப் பெட்டியின் முன்பக்கம் வைத்தாள், முள் 38ல் நின்றது. கேனைப் பின்னால் நகர்த்தியதும் 27. ஒரே ஒரு கேன்! அதற்கு எங்கே இடம் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. நீ கேட்ட சைக்கிள் கம்பி ஏன் ஆகாது என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

துணிக்குத் தார்ப்பாய் வாங்காதே, மலிவு என்று நானும் பார்த்தேன். ராத்திரி நாலு பேர் மூச்சு விட்டால் விடிகாலையில் உள்பக்கம் முழுக்க வேர்த்து நம்மேல் சொட்டும். பருத்திக் கித்தான் கனம்தான், ஆனால் காற்று போய்வரும். தைத்ததும் ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவிடு. நூல் உப்பித் தையல் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஈரத்தோடு மட்டும் மடிக்காதே, பூசணம் பிடித்தால் அந்த நாற்றம் போகாது.

வால்பாறைக்கு இழுத்துப் போகலாம் என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம். 40 கொண்டை ஊசி வளைவு. டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும், காரின் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். திம்பம் மலைப் பக்கமும் நினைக்காதே. அது இருக்கிற சத்தியமங்கலம் காடு 2013லிருந்து புலிகள் காப்பகம், நினைத்த இடத்தில் கூடாரம் போட விடமாட்டார்கள், விடவும் கூடாது. அது இருக்கட்டும், 1988 மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் வாகனமாகத்தான் சேர்த்திருக்கிறது. பதிவு இல்லாமல் தார் ரோட்டில் ஏற்றக் கூடாது. நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், கையில் காகிதம் வருகிறவரை தோட்டத்துத் தடத்தோடு சரி. நீ இரும்பு வாங்கும் முன்பே உங்கள் ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிடு. தோட்டம் மட்டும் என்றாலும் பிள்ளைகளுக்குக் குறையில்லை. பொழுதோடு ஜீப்பில் மாட்டி, வாய்க்கால் பக்கத்துத் தென்னந்தோப்பில் கொண்டுபோய் விட்டால் மறுநாள் சோற்றுக்குத்தான் வீட்டுப் பக்கம் வருகிறார்கள்.

வாய்க்கால் ஓரம் என்பதால் கொசுதான் பெரிய தொல்லை. உங்கள் ஊரில் நெய்கிற கொசுவலைத் துணி ஜன்னல்களுக்கு ஒரு பத்து மீட்டர் வேண்டும், கண்ணி சின்னதாக இருப்பது. கறுப்பில் கிடைத்தால் நல்லது, அழுக்குத் தெரியாது. மீட்டர் என்ன விலை என்று கேட்டு எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

உன்,
குமாரசாமி