கிட்ஹப் கணக்கு இல்லாத விண்ணப்பதாரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரலாளர் வேலைக்கான விளம்பரங்களில் ‘திறமூல மென்பொருளில் பங்களித்த அனுபவம் கட்டாயம்’ என்ற வரி இப்போது அடிக்கடி தென்படுகிறது. நிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைத்திருப்பதே திறமூல மென்பொருள். நாகர்கோவிலில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்தும் நானும் சென்ற ஆண்டு அந்த வரியைச் சேர்த்தவன்தான். இந்த ஆண்டு நீக்கிவிட்டேன்.

அப்போது விண்ணப்பித்த ஒருவருக்கு, இத்தகைய நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருந்த பக்கத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பங்களிப்புகள் இருந்தன. திறந்து பார்த்தால், விளக்கக் கோப்பில் எழுத்துப்பிழை திருத்தியதும் காற்புள்ளி சேர்த்ததுமே பெரும்பாலானவை. அக்டோபரில் திறமூலத் திட்டங்களுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் என்று அறிவித்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020ஆம் ஆண்டு இத்தகைய வெற்றுத் திருத்தங்கள் குவிந்து, அந்தத் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் நொந்துபோக, சம்மதம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அமைப்பாளர்கள் பாதியிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. டி-ஷர்ட்டுக்கே இந்தப் பாடு.

குலசேகரத்திலிருந்து விண்ணப்பித்த பெண்ணுக்குக் கிட்ஹப் கணக்கே இல்லை. தெரிந்தவர் சொன்னதால்தான் அழைத்தேன். ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு அவர் எழுதிய கணக்கு நிரல் கடைக்காரருக்குச் சொந்தம், வெளியிட இயலாது. ஆனால் சரியாகக் காயாத ஷீட்டுக்கு எடையில் கழிவு போடும்போது கிராமை எந்தக் கட்டத்தில் முழு எண்ணாக்க வேண்டும், முன்கூட்டியே செய்தால் மாதக் கடைசியில் கணக்கு எவ்வளவு இடிக்கும் என்பதைத் தாளில் போட்டுக் காட்டினார். அவரையே வேலைக்கு எடுத்தேன்.

லினக்ஸ் என்னும் திறமூல இயங்குதளத்தின் மையநிரலான கர்னலில் ஒருவரின் திருத்தம் ஏற்கப்பட்டிருந்தால் அவர் விண்ணப்பத்தை மேலே வைப்பேன். பலர் பார்க்க விமர்சனத்தைத் தாங்கித் திருத்தி எழுதிய பழக்கம் எளிதில் வருவதன்று. ஆனால் அந்தக் கர்னலின் பெரும்பகுதியையே நிறுவனங்களில் ஊதியம் பெறுபவர்கள்தான் எழுதுகிறார்கள். அப்படியிருக்க, திருவனந்தபுரத்தில் வேலை முடித்து, இரவில் குழித்துறையில் ரயிலிறங்கி வீட்டுவேலையும் பார்க்கும் ஒருவரிடம், ஊதியமின்றி எழுதிய நிரலைக் கட்டாயமாகக் கேட்பது எந்த வகையில் நியாயம்?

இப்போது நாங்கள் செய்வது இதுதான்: சிறிய திறமூல நிரல் ஒன்றை, அதில் உண்மையாகவே பதிவான ஒரு பிழையுடன் கொடுத்து, அலுவலகத்திலேயே இரண்டு மணி நேரம் படிக்க விடுகிறோம். பிறர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் அதிலேயே தெரிந்துவிடுகிறது. கணினியும் தேநீரும் எங்கள் செலவு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.