கல்யாணமும் குடியும்: குடியாத்தத்திலிருந்து நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நல்லபடியாக முடிந்தது. கூட்டம் கலைந்த கையோடு முகூர்த்தங்கள் வரிசைகட்டிவிட்டன. மண்டபத்துக் கணக்கை விட்டு எழவே நேரமில்லை, அதனால்தான் பதில் தாமதம். பாப்பாவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

ஆனால் கடிதத்தின் நடுவே நீ எழுதியிருந்த விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. ரிசப்ஷன் ராத்திரி மாப்பிள்ளையின் நண்பர்களுக்குத் 'தனியாக ஏற்பாடு' வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். நீயும் எங்கோ படித்த ஆராய்ச்சியைச் சொல்லி, ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்கிற சமூகத்தில் குடி இருக்கத்தான் செய்யும் போலிருக்கிறது என்று முடித்துவிட்டாய்.

அந்த ஆராய்ச்சி எனக்கும் தெரியும். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் இருவர் 2010இல் எழுதியது. ஒருதார மணம் வழக்கமான சமூகங்களில் குடி அதிகம், பலதார மணம் உள்ள இடங்களில் குறைவு என்பது அவர்கள் கண்டது. மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்தத்தான் செய்கிறது. பழைய கிரேக்கர்களுக்கும் ரோமர்களுக்கும் மனைவி ஒருத்தி, திராட்சை மது தாராளம். இஸ்லாத்தில் நான்கு பேர் வரை மணக்க இடமுண்டு, மது விலக்கப்பட்டது. ஆனால் ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று அவர்களே அடித்துச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மார்மன் சபையை எடுத்துக்கொள். மதுவை விலக்கச் சொல்லும் போதனை அவர்களுக்கு 1833இல் வந்தது. பலதார மணத்தை 1890இல் கைவிட்டார்கள். அதன்பிறகு குடி வந்ததா? கட்டுப்பாடு முன்பைவிட இறுகித்தான் போனது.

அவ்வளவு தூரம் ஏன், நம் ஊரையே பார். ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939இல் நம் வட ஆற்காட்டுக்கு வந்தது. போர்க்காலத்தில் நின்றுபோய், திரும்ப வந்து, 1948இல் மாகாணம் முழுக்க அமலானது. அடுத்த வருஷமே, 1949இல், இந்துக்கள் இரண்டாம் தாரம் கட்டக்கூடாது என்று சென்னை மாகாணம் சட்டம் போட்டது. நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955இல்தான் வந்தது. அதாவது இங்கே ஒரு மனைவி என்ற சட்டமும் குடி கூடாது என்ற சட்டமும் கைகோத்து வந்தன. அப்புறம் எப்படி அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தும்?

எத்தனை மனைவி என்பதைவிட, கல்யாணத்தில் குடி எந்த இடத்தில் நடக்கிறது, யார் கண் முன்னால் நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஜப்பானில் பாரம்பரியத் திருமணச் சடங்கில் மூன்று கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று மிடறு. மணமக்கள் இருவரும் குடிக்கிறார்கள், அதோடு சடங்கு முடிந்தது. யூதர்கள் திராட்சை மதுக் கிண்ணத்தை வைத்து ஏழு ஆசிகள் சொல்லி இருவருக்கும் பருகத் தருகிறார்கள். சீனத்தின் ஷாவோசிங் பக்கம் பெண் குழந்தை பிறந்ததும் அரிசி மதுவை ஜாடியில் புதைத்து வைத்து, அவள் கல்யாணத்துக்குத் தோண்டி எடுப்பார்களாம்.

நைஜீரியாவின் இக்போ மக்களிடம் இருக்கும் வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய காலத்தில் பலதார மணம் சகஜமாக இருந்த சமூகம் அது, குடிக்கும் குறைவில்லை. பெண்ணின் தகப்பன் ஒரு கிண்ணத்தில் கள் ஊற்றி அவள் கையில் தருகிறார். அவள் அதை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கிறாள். இளவட்டங்கள் என்னிடம் தா, என்னிடம் தா என்று சீண்டுகிறார்கள். அவள் தன்னவனைத் தேடிக் கண்டுபிடித்து, முழந்தாளிட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு அவனிடம் நீட்டுகிறாள். அவன் குடித்தால் கல்யாணம் உறுதி. கிண்ணம் பெண்ணின் கையில் இருப்பதைக் கவனித்தாயா? சுற்றி இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் சில சமூகங்களில் நிச்சயத்தின்போது பெரியவர்கள் முன்னிலையில் கள் கொடுத்து வாக்கை உறுதி செய்திருக்கிறார்கள். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் அந்த மாதிரிக் குறிப்புகள் உண்டு. அதே சமயம் அகநானூற்றின் 86ஆம் பாட்டில் வரும் கல்யாணத்தைப் பார்: உளுந்தம் களி, பந்தல், புது மணல், விளக்கு, பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துவது. கள்ளுக்குக் குறைவில்லாத சங்ககாலத்தில் அந்தக் கல்யாணத்தில் கள் பேச்சே இல்லை.

இன்றைக்கு நம் மண்டபத்தில் இந்த இரண்டுமே கிடையாது. மேடையில் வைக்க மாட்டோம், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டோம். எல்லாம் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். விடிகாலை நாலரைக்குப் பெருக்குகிற அம்மாக்களை நான்தான் மேலே அனுப்புகிறேன். நசுங்கிய பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஊறுகாய் உறை, சிந்திய மிக்சர், மூலையில் வாந்தி. முகூர்த்தத்துக்கு முன்னால் போட்டோக்காரர் மேலே ஏறிவிடுவார் என்று அவசர அவசரமாகக் கழுவுவார்கள். கூலி மட்டும் அதே கூலி.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் நண்பன் பந்தியில் இலைமேலேயே சாய்ந்துவிட்டான். பெண்ணின் அம்மா ஓடிவந்து, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று என்னிடம் கைகூப்பினார். தாலி கட்டுகிற நேரத்தில்கூட அவர் கண் மாப்பிள்ளை பக்கத்து வரிசையைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பணம் செலவழித்ததும் அவர்கள், பயந்து நின்றதும் அவர்களே.

ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் எத்தனை நிக்காஹ் பார்த்திருப்போம் நாம். பிரியாணி, தால்சா, கத்தரிக்காய்ப் பச்சடி, நிறைய சிரிப்பு. நண்பர் கூட்டத்துக்கு அங்கே என்ன குறைச்சல்?

அதனால் உனக்கு நான் சொல்வது இதுதான். சம்பந்தியைப் போனில் கூப்பிடாதே, நேரில் போ. மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, 'தனி ஏற்பாடு எங்களால் முடியாது, சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்க மாட்டோம்' என்று மரியாதையாகச் சொல்லிவிடு. கோபித்துக்கொண்டால் இரண்டு நாளில் தணிந்துவிடுவார்கள். முக்கியமாக, அந்தப் பேச்சு நடக்கும்போது பாப்பாவும் அங்கே இருக்கட்டும்.

ஆவணியில் இரண்டு முகூர்த்த நாட்களை உனக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். எது தோதுப்படும் என்று இந்த வாரத்துக்குள் எழுது, வேறு ஆட்களும் கேட்கிறார்கள். மொட்டைமாடிச் சாவி அன்றைக்கு என் இடுப்பில்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் குடியாத்தத்து நண்பன்