குசினியைப் பூட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டுக்காரரின் வீடுகள் யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதுவது திறந்த வீடு ஒன்றைப் பற்றி.

கனடாவில் இருக்கும் என் தமையனின் கொழும்புத்துறை வீட்டுத் திறப்பு என்னிடம் இருக்கிறது. இங்கு கத்தோலிக்கக் குருமாராக வரப் படிக்கும் பெரிய குருமடத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பஸ்ஸில் வரும் தாய் தகப்பன் லொட்ஜுக்குக் காசு கொடுத்து அந்தரப்படுவதைக் கண்டுதான் இரண்டு அறைகளைத் துப்புரவாக்கிக் கொடுத்தோம். குருமடத்தில் கேட்டுத்தான் செய்தோம். ஒரு பிரதர் (குருமட மாணவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பெற்றோரைப் பார்க்க வந்தால் கூட நாலு பேர் வந்தார்கள். அப்புறம் புரட்டஸ்தாந்து போதகராக வர மருதனார்மடம் இறையியல் கல்லூரியில் படிக்கும் ஒருவர், எங்களுக்குத் தெரிந்த பிள்ளை, மனைவி குழந்தையோடு வந்தார். கத்தோலிக்கப் பொடியங்களுக்கு முதலில் கூச்சம். குழந்தை ஒருவரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியதோடு அது போய்விட்டது.

ஆனால் முதல் ஆறு மாதம் நான் ஒரு பிழை விட்டேன். எல்லாவற்றையும் நானே சமைத்து மேசையில் வைத்தேன். வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனை நோண்டினார்கள், "நன்றி அன்ரி" என்று போனார்கள். ஒரு சனிக்கிழமை முழங்கால் வலி தாங்காமல் கூழ் காய்ச்சும் வேலையை அவர்களிடமே விட்டேன். ஒருவர் நண்டு உடைக்க, இன்னொருவர் ஒடியல் மா கரைக்க, மட்டக்களப்புப் பிள்ளை பழப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு "மறுகா போடுவம்" (பிறகு போடுவோம்) என்று சொல்ல, மறுகா என்றால் எத்தனை மணிக்கு என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கூழ் கொஞ்சம் உப்பு. ஒருவரும் போனைத் தொடவில்லை.

அன்று கிணற்றடியில் பானை கழுவும்போதுதான் முதலாம் வருடப் பிள்ளை ஒன்று, வீட்டுக்குத் திரும்பிப் போகலாமோ என்று யோசிப்பதாக மூத்தவர் ஒருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் கேளாதது போல வந்துவிட்டேன். போனாரா இருந்தாரா என்பது என் பாடு இல்லை, சொல்ல ஒரு இடம் கிடைத்ததே.

கந்தர்மடம், ஓட்டுமடம், மருதனார்மடம் என்று ஊர்ப்பெயரிலேயே மடத்தை வைத்திருக்கிறோம். பருத்தித்துறைத் தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. வழிப்போக்கருக்குத் திண்ணை கொடுத்த ஊர்தான் இது, சாதி பார்த்துப் பந்தி பிரித்த ஊரும் இதுதான். எங்கள் விறாந்தையில் யார் எந்த ஊர், எந்தச் சபை என்று பார்த்துக் கூழ் குடிக்கும் பனையோலைப் பிளா கொடுப்பதில்லை.

செலவைக் கேட்கிறார்கள். பில் கிடையாது, வாசலில் ஒரு பிஸ்கட் ரின், முடிந்தவர் போடுவார்கள். கரண்ட் பில் தமையன் கட்டுகிறார், சில மாதம் முணுமுணுத்துக்கொண்டு.

மருதனார்மடப் பக்கம் திறப்பு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் யோசியுங்கள். இரண்டு அறை, ஒரு பெரிய பானை போதும், ஏசி ஒன்றும் தேவையில்லை. அறையைக் கொடுத்துவிட்டுக் குசினியைப் பூட்டி வைக்க மட்டும் வேண்டாம்.

ஒரு வாசகி,
கொழும்புத்துறை