கைப்பிடி அரிசியும் ஒரு சமையல் கொட்டகையும்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு, கஞ்சி ஊழியக் கமிட்டியின் ஸ்தோத்திரங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெரியவர் ஃபிளாஸ்க் மூடியை நீட்டினார். பிரசவத்துக்கு வந்த மகளோடு மூன்று நாளாக வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர். "அவளுக்கு உள்ளே ரொட்டியும் பாலும் குடுத்துட்டாங்க. நான் நேத்து மத்தியானம் சாப்பிட்டதுதான்" என்றார். மூடியில் எவ்வளவு கஞ்சி பிடிக்கும்? நாலு தடவை ஊற்றினோம். நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு உண்டு. கூட நிற்கிறவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்காகத்தான் இந்த ஊழியம்.

நாலு வருடமாக நம் சபையார் ஒருவருடைய வீட்டுப் பின்கட்டில்தான் கஞ்சி காய்ச்சுகிறோம். போன ஐப்பசியில் விடியற்காலை மூன்று மணிக்குக் கொட்டிய மழையில் விறகு அணையப் பார்த்தது. இரண்டு வாலிபத் தம்பிமார் அண்டாவுக்கு மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, கஞ்சி வெந்து இறக்குகிறவரை நனைந்தபடியே நின்றார்கள். அன்றைக்கும் ஆறரை மணிக்கு வண்டி போய்விட்டது. ஆனால் அடுத்த ஐப்பசியிலும் அவர்களை அப்படி நிற்க வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கோயிலுக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, இரண்டு கேஸ் அடுப்பு, இரண்டு அண்டா, ஒரு தண்ணீர்த் தொட்டி. மொத்தம் 2,85,000 ரூபாய் ஆகும். கையில் 61,000 இருக்கிறது.

வெளியே யாரிடமாவது கேட்கலாமே என்று கமிட்டியிலேயே பேச்சு வந்தது. தாவீது ராஜா நினைவுக்கு வந்தார். பலிபீடம் கட்ட இடம் வாங்கப் போனவரிடம் அர்வனா என்பவர் தன் போரடிக்கிற களத்தையும் மாடுகளையும் சும்மாவே தருகிறேன் என்றபோதும், இலவசமாய் வாங்கிக் கர்த்தருக்குப் பலியிட மாட்டேன் என்று 50 சேக்கல் வெள்ளியை எண்ணிக் கொடுத்தாரே! நம் நெல்லைச் சபைகளுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. 1903-ல் வெள்ளாளன்விளை அசரியா முன்நின்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியம் செய்ய ஆட்களை அனுப்பியபோது, அது நம் ஜனங்களின் காணிக்கையில்தான் நடந்தது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த பாட்டிமார் நம் வீடுகளிலும் இருந்தார்கள். மிசோரம் சபைகளில் 1910-ல் தொடங்கிய அதே பழக்கம் இன்றுவரை நிற்கவில்லை. நம்மிடம்தான் எப்படியோ விட்டுப்போயிற்று.

அதை மறுபடி எடுப்போம். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு துணிப்பை தருவோம். சேருகிற அரிசி சனிக்கிழமைக் கஞ்சிக்கு. லெந்து என்கிற தவக்கால நாட்களில் ஒருவேளை உபவாசம் இருக்கிறவர்கள் அந்த வேளைச் சாப்பாட்டுக் காசைக் கொட்டகைக்கு எடுத்து வையுங்கள். இயன்றவர்கள் கூடுதலாகக் கொடுங்கள். பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தொகை பெரிதோ சிறிதோ, யார் பெயரையும் கோயிலில் வாசிக்க மாட்டோம். வரவு செலவை மட்டும் மாதாமாதம் வாசிப்போம்.

அப்புறம், பணத்தைவிட எங்களுக்கு அவசரமாக வேண்டியது ஆட்கள். அசனம் என்கிற சபை விருந்துக்கு ஆயிரம் பேருக்குப் பொங்கிப் போடுகிற சபை நம்முடையது. சனிக்கிழமைக்கோ திரும்பத் திரும்ப அதே ஒன்பது பேர்தான் வருகிறோம், அதில் மூன்று பேர் எழுபதைத் தாண்டியவர்கள். இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் பூண்டு உரிக்கவும் தேங்காய் துருவவும் நாலு பேர் வேண்டும். வீட்டில் தேங்காய்த் துருவி இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கமிட்டியார்