பிழைச்செய்தியை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்: கணினி அறிவியல் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பொறியியல் மற்றும் கலை அறிவியல் கல்லூரிகளில் கணினி அறிவியலுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுக்களின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பன்னிரண்டு ஆண்டுகளாக லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். பணி நேரம் முடிந்த பிறகு, இணையத்தில் மாணவர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்கும் கேள்விகளுக்கு இயன்ற அளவு பதில் எழுதி வருகிறேன். அக்கேள்விகளில் பெரும்பாலானவற்றை உங்கள் மாணவர்களே கேட்கிறார்கள் என்பதாலும், அவர்கள் கேட்கும் விதத்தில் ஒரே குறை ஆண்டுதோறும் தென்படுவதாலும், அக்குறைக்கு அவர்களைக் காட்டிலும் கற்பிக்கும் தலைமுறையாகிய நாமே பொறுப்பு என்று உறுதியாக நம்புவதாலும் இம்மடலை உங்கள் முன் வைக்கிறேன்.

கேள்வி எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்கிறேன். கைப்பேசியில் சாய்வாக எடுத்த திரையின் படம் ஒன்று வரும். அதில் முனையத்தின், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தின், கடைசி நான்கைந்து வரிகள் மட்டும் இருக்கும். கீழே "வேலை செய்யவில்லை, அவசரம்" என்று எழுதியிருக்கும். நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றித் தொகுக்கும்போது தோன்றும் பிழைகளில் முதலாவதே பெரும்பாலும் உண்மையானது. அதன்பின் வரும் முப்பது வரிகள் அந்த ஒன்றால் விளைந்தவை. படத்தில் இருப்பதோ கடைசி வரிகள். "முதல் பிழை என்ன?" என்று கேட்டால், திரையை மேலே நகர்த்திப் பார்க்கத் தோன்றாத மாணவர்களே மிகுதி. தங்களுக்காகவே கணினி எழுதிய அந்த வாசகங்களை இரைச்சலாகக் கருதிக் கடந்துபோக அவர்கள் எப்படியோ பழகியிருக்கிறார்கள்.

அந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று யோசித்திருக்கிறேன். இன்றும் பல ஆய்வகங்களில் போர்லாண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட டர்போ சி++ என்ற நிரல்மொழிமாற்றி, பழைய டாஸ் இயங்குதளத்தைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் துணையோடு ஓடிக்கொண்டிருக்கிறது. சி++ மொழிக்குப் பன்னாட்டுத் தரம் வகுக்கப்பட்டதே 1998இல்தான். அங்கே பழகிய மாணவர் வீட்டில் உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டை நிறுவி அதே நிரலைத் தொகுத்தால், கோனியோ என்ற தலைப்புக் கோப்பு இல்லை என்ற செய்தியே முதலில் வரும். அது திரையைத் துடைக்கவும் விசையழுத்தத்தைப் படிக்கவும் டாஸ் காலத்து நிரல்மொழிமாற்றிகள் தந்த கோப்பு. லினக்ஸில் அது இருக்க வேண்டிய தேவையே இல்லை. மாணவரோ தம் லினக்ஸ் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து, அந்தக் கோப்பை எங்கிருந்து தரவிறக்குவது என்று கேட்கிறார். நான் பார்த்த கேள்விகளில் இதைவிட அதிகமாக மீண்டும் வந்தது வேறொன்றில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இறுதியாண்டு மாணவி ஒருவர், செயல்திட்ட மதிப்பாய்வுக்கு இரண்டு நாட்கள் இருக்கையில் எழுதினார். பைத்தான் நூலகம் ஒன்றை நிறுவும்போது, கணினியின் பொதுக் கோப்புறையில் எழுத அனுமதி இல்லை என்ற செய்தி வந்திருக்கிறது. எங்கோ ஒருவர், இயங்குதளத்தின் நிரல்கள் இருக்கும் யுஎஸ்ஆர் கோப்புறை முழுவதற்கும், எல்லோரும் படிக்கவும் எழுதவும் இயக்கவும் இடம்தரும் 777 என்ற அனுமதியைக் கொடுத்தால் போதும் என்று ஒற்றை வரியில் பதில் சொல்லியிருக்கிறார். மாணவி அதை அப்படியே செய்தார். அந்தக் கட்டளை கோப்புகளை எல்லோருக்கும் திறந்துவிட்டதோடு, மற்றக் கட்டளைகளை மேலாளர் உரிமையோடு ஓட்ட உதவும் சூடோ நிரல், அந்த உரிமையோடு இயங்குவதற்குக் காரணமான தனிக்குறியையும் அழித்துவிட்டது. அடுத்த முறை சூடோவை அழைத்தபோது, தனக்கு அந்தக் குறி இருந்தாக வேண்டும் என்று சொல்லி அது இயங்க மறுத்தது. செய்த தவற்றைத் திருத்த மேலாளர் உரிமை வேண்டும். மேலாளர் உரிமையைப் பெறும் வழியையே அந்தத் தவறு அடைத்துவிட்டது. யுஎஸ்பி குச்சியிலிருந்து கணினியைத் தொடங்கி அவருடைய கோப்புகளைப் பத்திரப்படுத்தி, இயங்குதளத்தை மீண்டும் நிறுவி முடிக்க அதிகாலை மூன்று மணி ஆனது.

அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது, தம் வீட்டுக் கோப்புறைக்குள் பைத்தானுக்கென, கணினியின் பொதுக் கோப்புறையைத் தொடாத தனியிடமாகிய மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கும் ஒரே ஒரு கட்டளை. 2023இல் வெளிவந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் வெளியீடு முதலாக, இப்படிப்பட்ட நிறுவலை இயங்குதளமே தடுத்து, மெய்நிகர் சூழலை உருவாக்குவது எப்படி என்று பிழைச்செய்திக்குள்ளேயே சொல்லிவிடுகிறது. தடையை மீறுவதற்கான விருப்பத்தேர்வின் பெயரிலேயே 'கணினித் தொகுப்புகளை உடைக்க' என்ற பொருள் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்தத் தேர்வையே தீர்வாக எழுதும் பதில்களும், அதைப் படியெடுத்து ஒட்டும் மாணவர்களும் நாள்தோறும் கண்ணில் படுகிறார்கள். செய்தியை எழுதியவர் தீர்வையும் சேர்த்தே எழுதிவிட்டார். அதை வாசிப்பதற்குத்தான் நாம் யாரையும் பழக்கவில்லை.

வாசிப்பது என்று நான் சொல்வதில் ஐயப்படுவதும் அடங்கும். அண்மையில் வந்த ஒரு கேள்வி: வட்டில் இடமில்லை என்று வழங்கி சொல்கிறது, ஆனால் இட அளவைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. இரண்டு செய்திகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் கணினி பொய் சொல்கிறது என்று மாணவர் எழுதியிருந்தார். இரண்டுமே உண்மை. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற பதிவிடம் ஒன்று வேண்டும். அவற்றின் எண்ணிக்கை வட்டை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடும். இயல்பான அமைப்பில் 16 கிலோபைட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், 20 ஜிபி வட்டில் சுமார் 13 லட்சம் ஐநோடுகளே இருக்கும். அந்த மாணவரின் இணையச் செயலி, பயனர் அமர்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கோப்பை உருவாக்கி அழிக்காமல் விட்டிருந்தது. இடம் மிச்சம் இருந்தது, பதிவிடம் தீர்ந்துபோயிருந்தது. இட அளவைக் காட்டும் அதே கட்டளையோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் இது தெரிந்துவிடும். ஐநோடுகளும் மிச்சம் இருந்திருந்தால், அழித்த பிறகும் ஏதோ ஒரு செயலி திறந்தே வைத்திருக்கும் கோப்பு ஒன்று இடத்தைப் பிடித்திருக்கிறதா என்று அடுத்துப் பார்த்திருப்போம். ஓர் ஊகம், அதைச் சோதிக்க ஒரு கட்டளை, கிடைத்த விடையைக் கொண்டு அடுத்த ஊகம் என்று நகரும் இந்த வரிசையே வழுநீக்கம். ஐநோடு என்பது உங்கள் இயங்குதளப் பாடத்தில் இருக்கிறது. அந்த மாணவரும் அதைப் படித்துத் தேர்வில் எழுதியிருந்தார். தம் கணினியில் அது தீர்ந்துபோகக்கூடும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

நன்றாகக் கேட்பதும் இதே திறனின் மறுபக்கம். 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்களுக்கான செய்திக்குழுவில், பின்னர் லினக்ஸ் எனப் பெயர்பெற்ற, தாம் எழுதிவரும் இயங்குதளம் பற்றிக் கருத்துக் கேட்டார். அச்சிறு குறிப்பில், எந்த வகைக் கணினிக்காக எழுதுகிறார் என்பதும், கட்டளைகளை வாசித்து இயக்கும் பாஷ் 1.08, நிரல்மொழிமாற்றியான ஜிசிசி 1.40 ஆகியவை அதில் ஓடுகின்றன என்பதும், இன்னும் எவை இல்லை என்பதும் தெளிவாக இருந்தன. எது, எந்தப் பதிப்பு, எதுவரை வேலை செய்கிறது என்பதைச் சொல்லிக் கேட்ட கேள்வி அது. நம் மாணவர்களின் கேள்விகளில் இந்த மூன்றும் இருந்தாலே, அவற்றில் பாதி, அனுப்பப்படும் முன்பே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். எழுதி முடிக்கும்போதே காரணம் புலப்பட்டுவிடும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்துவிட்டதால் இது தேவையற்றது என்ற வாதத்தையும் கேட்கிறேன். அவற்றை நானும் பயன்படுத்துகிறேன். நல்ல கேள்விக்கு நல்ல உதவி கிடைக்கிறது. ஆனால் சாட்ஜிபிடி வெளிவந்த சில நாட்களிலேயே, 2022 டிசம்பரில், நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதைக் கொண்டு எழுதிய பதில்களைத் தடை செய்தபோது சொன்ன காரணம் இன்றைக்கும் நினைவில் கொள்ளத்தக்கது: பதில்கள் சரியானவை போலவே தோன்றின, தவறானவை அவற்றில் மிகுதியாக இருந்தன. அந்தக் கருவிகள் அதன்பின் மேம்பட்டிருக்கின்றன என்றாலும், இல்லாத விருப்பத்தேர்வைத் தடுமாற்றமில்லாத நடையில் பரிந்துரைக்கும் பதில்களை நான் இன்னும் பார்க்கிறேன். சரளமான பதிலைச் சோதிக்கத் தெரியாத கையில் மேலாளர் உரிமையும் இருந்தால், 777 கதை வேறு வடிவில் திரும்ப வரும்.

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தள நிரலாளர், எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ மறைத்துவைத்த, அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைய வழிவிடும் பின்வாசலை உலகுக்கு அறிவித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதை அவர் கவனித்தார். அதைப் பொருட்படுத்தாமல் விடாமல், காரணத்தைத் தேடிப் போனார். பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளை அந்தப் பதிப்புகள் சென்றடைவதற்குள் தடுக்க முடிந்தது அதனால்தான். அரை நொடித் தாமதத்துக்குக் காரணம் தேடும் மனப்பான்மையை நம் ஆய்வகங்கள் வளர்க்கின்றனவா என்று நீங்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நம் ரெக்கார்டு நோட்டில் நோக்கமும் நிரலும் சரியான அவுட்புட்டும் இருக்கும். சரியான விடை வருவதற்கு முன் வந்த பிழைகளை எழுத அதில் ஒரு வரிகூட இல்லை. பிழை என்பது மறைக்க வேண்டிய ஒன்று என்று முதல் பருவத்திலேயே மாணவர் கற்றுக்கொள்கிறார்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். இயங்குதள ஆய்வகத்திலும் நிரலாக்க ஆய்வகத்திலும், பழுதான கணினியைச் சீராக்குவதை மதிப்பெண்ணோடு கூடிய தேர்வாக வையுங்கள். வேண்டுமென்றே பழுதாக்கிய மெய்நிகர் கணினி (வேறொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடுவது) ஒன்றை மாணவரிடம் கொடுத்து, இணையத்தைத் தடையின்றித் திறந்துவிட்டு, அவர் எதை ஊகித்தார், எப்படிச் சோதித்தார், எதை விலக்கினார் என்று எழுதும் குறிப்புக்குப் பாதி மதிப்பெண்ணாவது கொடுங்கள். கணினி முழுமையாகச் சீராகாவிட்டாலும் நல்ல குறிப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைக்க வேண்டும். நிரலாக்கத்தில் ஜிடிபி என்ற வழுநீக்கக் கருவியைக் கொண்டு நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்ப்பதும், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துப் பழுது நுழைந்த மாற்றத்தைக் கண்டுபிடிப்பதும் முதலாண்டிலேயே வரட்டும்; ஆயிரம் மாற்றங்களுக்கு இடையே ஒன்றைக் கண்டுபிடிக்கப் பத்துச் சோதனைகள் போதும் என்பதை ஒருமுறை கையால் செய்து பார்த்தவர் மறக்கமாட்டார். டர்போ சி++க்கு விடை கொடுங்கள்.

இணையத்தைத் திறந்துவிட்டால் எல்லோரும் பார்த்து எழுதிவிடுவார்கள் என்ற அச்சம் எழலாம். தன் கணினியின் நிலையைச் சரியாக விவரிக்கத் தெரிந்தவருக்கே இணையம் சரியான விடையைத் தருகிறது. அந்த விவரிப்பைத்தான் நாம் சோதிக்கப் போகிறோம். அறுபது மாணவர்களுக்கு அறுபது கணினிகளை யார் பழுதாக்குவது என்று கேட்டால், பழுதான கணினியின் வட்டை அப்படியே நகலெடுத்த படிமம் ஒன்றை ஒருமுறை தயாரித்தால் போதும்; ஒவ்வொரு குழுவும் முடித்த பிறகு அதைச் சில நொடிகளில் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம்.

ஆங்கிலப் பிழைச்செய்தியின் முன் தயங்கும், தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்களைப் பற்றி ஒரு சொல். செய்திகளைத் தமிழாக்குவதை நான் வரவேற்கிறேன். ஆனால் உதவி தேடும்போது ஆங்கில வாசகமே தேடலில் அகப்படும் என்பதால், இரண்டையும் அருகருகே வைத்துத் தமிழில் விளக்கும் கையேடு ஒன்று ஒவ்வோர் ஆய்வகத்திலும் இருக்க வேண்டும். அடிக்கடி வரும் ஐம்பது செய்திகளுக்கு அப்படியொரு கையேட்டை எழுதி வைத்திருக்கிறேன். ஐநோடு தீர்ந்த வட்டு, 777 ஆக்கப்பட்ட யுஎஸ்ஆர், தொடங்க மறுக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) உள்ளிட்ட பத்துப் பழுதான கணினிகளின் படிமங்களும் தயாராக உள்ளன. எந்தக் கல்லூரி கேட்டாலும் இவற்றைக் கட்டணமின்றித் தரவும், முதல் தேர்வு நடக்கும் நாளில் நேரில் வந்து உடனிருக்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
லினக்ஸ் கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்