சூப்பர் ரக்பி: கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்
நண்பர்களே, தென் அரைக்கோள நாடுகளின் ரக்பி தொடரான சூப்பர் ரக்பியில் தென்னாப்பிரிக்க அணிகள் எங்கே என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன், புல்ஸ், ஸ்டார்மர்ஸ் எல்லாம் 2021லேயே ஐரோப்பிய அணிகள் ஆடும் யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப்புக்குப் போய்விட்டன. 2022 முதல் இது சூப்பர் ரக்பி பசிபிக். ஃபிஜியன் ட்ருவா, மோவானா பசிஃபிகா அணிகள் வந்தது அப்போதுதான். ஹரிகேன்ஸ் அணியில் அத்தனை வருடம் ஆடிய ஆர்டி சவேயா 2025இல் மோவானாவுக்கு வந்தாரே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் சீஃப்ஸ் அணி ரசிகர்களைக் கிண்டல் செய்வதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று இறுதி ஆட்டம், மூன்றிலும் தோல்வி, கடைசியில் குருசேடர்ஸிடம் 16-12, பாவம்.

ஆட்டம் முடிந்த உடனே ஸ்கோர் போடாதீர்கள்; நியூசிலாந்தில் குளிர்காலத்தில் இரவு 7:05க்கு ஆட்டம் என்றால் நமக்குப் பகல் 12:35, வெள்ளிக்கிழமை பாதிப் பேர் ஆபீஸில் இருக்கிறோம்.